சட்டையைப் பிடித்துத் தைக்கும்போது

குன்னூர்

அன்புக் கண்ணு,

புதுச்சட்டை மூன்றும் தோளில் சரியாக நிற்கிறது, உடம்பில்தான் தொளதொள என்றிருக்கிறது என்றாய். அப்படியென்றால் கவலையில்லை, நீயே பிடித்துத் தைத்துவிடலாம். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் உட்கார வேண்டும். ஓர் அங்குலத்துக்கு மேல் கையில் இறங்கியிருந்தால் கையையே பிரித்து ஏற்ற வேண்டிவரும். அப்படிப்பட்ட சட்டையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது.

முதலில் துவைத்து, நன்றாகக் காயவைத்து, இஸ்திரி போடு. பருத்தி முதல் சலவையில் சுருங்கும். வாங்கின கையோடு பிடித்தால் துவைத்ததும் டைட்டாகிவிடும்.

அளவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சட்டையின் இடுப்புச் சுற்று 44 அங்குலம், உனக்கு வேண்டியது 40 என்று வை. மிச்சம் 4. இதை இரண்டு பக்கம் என்று இரண்டால் வகுக்காதே, நான்கால் வகு. ஒவ்வொரு பக்கமும் முன்துணி, பின்துணி என இரண்டும் சேர்ந்து குறையும். ஆகவே பழைய தையலிலிருந்து 1 அங்குலம் உள்ளே வந்தால் போதும்.

சட்டையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, தையல் சாக்பீஸால் கோடு போடு. அக்குளில் அரை அங்குலம், இடுப்பில் 1, கீழ் ஓரத்தில் மறுபடி அரை. இடையில் கோடு மூலை விழாமல் வழுக்கிக்கொண்டு வளைய வேண்டும். அக்குளைத் தாண்டிக் கையிலும் ஏறி, முழங்கைப் பக்கம் பழைய தையலோடு மெல்லக் கலக்கட்டும். அக்குளில் ஆசைப்பட்டு அதிகம் பிடித்தால் கைக்குழி சுருங்கிவிடும். கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் மேலே ஏறும்.

மெஷினில் வைக்குமுன் கையால் நீளநீளமாக, பிறகு பிரித்துவிடக்கூடிய ஓட்டுத்தையல் போட்டு, சட்டையை உடுத்திப்பார். பட்டனெல்லாம் மாட்டிக்கொண்டு உட்கார், பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல் கையைத் தூக்கு. பட்டனுக்கு நடுவே வாய் பிளந்தால் கால் அங்குலம் விட்டுக்கொடு.

தைக்க 14 நம்பர் ஊசி, அங்குலத்துக்குப் பத்துத் தையல். அக்குளில் நாலு தையல் சந்திக்கும் இடம் தடித்திருக்கும். அங்கே மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்று, இல்லாவிட்டால் ஊசி முறியும். கீழ்மடிப்பை இருபுறமும் இரண்டு அங்குலம் முன்பே பிரித்து வைத்துக்கொள், பக்கத்தையல் முடிந்தபின் திரும்ப மடித்துத் தைக்கலாம். மிச்சத்துணியை அரை அங்குலம் விட்டு வெட்டி, ஓரம் பிரியாமலிருக்க ஓவர்லாக் தையல் அடி. அக்குள் வளைவில், தையலைத் தொடாமல், நாலைந்து சின்ன வெட்டுக் கொடு. அது இல்லாமல் போனால் அங்கே இழுத்துச் சுருங்கி நிற்கும்.

முதுகில் இன்னும் காற்றடைத்தாற்போல் இருந்தால் இரண்டு டார்ட், அதாவது துணியை மடித்துக் கூர்முனையாக முடிக்கும் நெடுக்குத் தையல், போடு. முதுகு நடுக்கோட்டிலிருந்து நாலு அங்குலம் தள்ளி, மடித்த நிலையில் அரை அங்குல அகலம், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைந்த நீளம். இரண்டு முனையும் ஊசிபோல் ஒன்றுமில்லாமல் முடியட்டும். முனையில் முன்னும் பின்னுமாகப் பின்தையல் அடிக்காமல் நூலை முடிச்சுப் போடு, அடித்தால் புடைக்கும்.

மூன்றில் ஒன்றைத் தொடாமல் வை. மார்கழியில் இங்கே வரும்போது உள்ளே தெர்மல் பனியன் போட வேண்டும், ஊட்டிப்பக்கம் போனால் உறைபனி. சென்னை அளவுக்குப் பிடித்த சட்டை அதன்மேல் பட்டன் மாட்டாது. காலரையும் தோளையும் மட்டும் நீ பிரிக்காதே, அங்கே ஏதாவது சரிசெய்ய வேண்டுமானால் வரும்போது கொண்டுவா.

அன்புடன்,
அம்மா