சில்லில் மூச்சுவிடும் நுரையீரல்

ஆசிரியருக்கு,

உறுப்புச் சில்லு (மனித உறுப்பின் செல்களை வளர்த்து, அந்த உறுப்பைப்போல் இயங்கவைக்கும் சிறு கருவி) என்றதும் பலரும் ‘விலங்குச் சோதனைக்கு மாற்று’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். 2010-இல் ஹார்வர்டின் வீஸ் நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட நுரையீரல் சில்லில், மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் நுரையீரல் செல்கள், மறுபக்கம் ரத்தநாளச் செல்கள். மூச்சுவிடுவதுபோல் சவ்வு விரிந்து சுருங்கும். நோயாளியின் சொந்த ரத்தச் செல்களை ஸ்டெம் செல்களாக (பலவகை உறுப்புச் செல்களாக மாறக்கூடியவை) மாற்றி, அவற்றிலிருந்து உறுப்புச் செல்களை இப்படிச் சில்லில் வளர்த்தால், மருந்தை அவர் விழுங்கும் முன்பே அவருடைய செல்களில் சோதித்துவிடலாம். எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயமில்லை என்று அமெரிக்கா 2022 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தியது நல்லதே. ஆனால் ஸ்டெம் செல்களிலிருந்து வளர்க்கும் உறுப்புச் செல்கள் பெரும்பாலும் முழுமையாக முதிர்வதில்லை. ஒருவருக்கான சில்லு தயாராக மாதக்கணக்கில் ஆகலாம். தீவிர நோயாளிக்கு அந்த அவகாசம் ஏது? இந்தத் தாமதத்தைப் பற்றியும் உங்கள் அறிவியல் பக்கம் எழுத வேண்டும்.

- ஒரு வாசகர்