நீ கேட்ட கேமரா பெல்ட்

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவும் நானும் நலம். முகூர்த்தத்தில் படமெடுக்கும் வேலை முடிந்து வீடு திரும்பினால் பிடரியிலிருந்து தோள் வரை இழுத்துப் பிடிக்கிறது என்று சொல்லி, புதிதாக வாங்க எண்ணியிருக்கும் பெல்ட்டுகளின் படங்களை அனுப்பியிருந்தாய். தொலைபேசியில் சொன்னால் பேச்சு பாதியில் வேறெங்கோ போய்விடும் என்பதால் எழுதுகிறேன். நீ தேர்ந்தெடுத்தவற்றில் பெரும்பாலானவை கழுத்தில் மாட்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. உடம்பில் படியும் மெத்தை போன்ற திண்டு எவ்வளவு தடிமன் என்பதில்தான் அவை ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. உன் வலிக்குத் திண்டைக் குறை சொல்லிப் பயனில்லை. பாரம் தொங்குகிற இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

உன்னுடைய கேனான் ஆர்6 மார்க் 2, பேட்டரியும் கார்டும் சேர்ந்து 670 கிராம். அதில் நீ பொருத்தியே வைத்திருக்கும் 70-200 எஃப் 2.8 லென்ஸ், முக்காலியில் பொருத்துவதற்காக அதைச் சுற்றியிருக்கும் ட்ரைபாட் வளையத்தைக் கழற்றிய பிறகும் 1,070 கிராம். ஃபிளாஷைக் கணக்கில் சேர்க்காமலே ஒன்றே முக்கால் கிலோ வந்துவிட்டது. நான் தொழில் பார்த்த நிக்கான் எஃப்எம்2 ஃபிலிம் கேமரா, லென்ஸ் இல்லாமல் வெறும் 540 கிராம். அதற்குப் பெட்டியோடு வந்த மெல்லிய பெல்ட்டே போதுமாக இருந்தது. முன்கழுத்தில் பாரம் தொங்கும்போது தலை முன்னோக்கி இழுபடுகிறது. அதை நிமிர்த்திப் பிடித்திருக்கும் பொருட்டு, விடியற்காலை நலங்கில் தொடங்கிப் பந்தி முடியும் வரை உன் பிடரித் தசைகள் இறுகியே நிற்கின்றன. தடித்த திண்டு தோலை உறுத்தாமல் காக்குமே தவிர, அந்தத் தசைகளின் வேலையைச் சிறிதும் குறைக்காது.

ஆகவே இடது தோளிலிருந்து வலது இடுப்புக்குக் குறுக்காகப் போட்டுக்கொள்ளும் பெல்ட்டையே வாங்கு. பாரம் தோளிலும் முதுகிலும் பரவும். கேமராவும் வலது கை இயல்பாக இறங்குகிற இடத்திலேயே இருக்கும். இதில் இரண்டு வகை உண்டு. பிளாக்ரேபிட் போன்றவற்றில், கேமராவின் அடியிலுள்ள ட்ரைபாட் துளையில் ஒரு திருகைப் பூட்டி, அதைக் கொக்கியில் மாட்டுகிறார்கள். திண்டு தோளில் நிலையாக நிற்க, கேமரா மட்டும் நாடாவின் மேல் வழுக்கிக்கொண்டு கண்ணுக்கு வரும். தாலி கட்டும் நேரத்து அவசரத்துக்கு இதைவிட வேகமானது கிடையாது. ஆனால் தலைகீழாகத் தொங்கும் கேமரா நீ குனியும் ஒவ்வொரு முறையும் முன்னால் ஊசலாடும். மணவறையில் குத்துவிளக்கும் ஓமகுண்டமும் எவ்வளவு நெருக்கத்தில் இருக்கும் என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடக்க நடக்கத் திருகும் தளரும். இந்த வகையையே வாங்குவதானால் லென்ஸின் ட்ரைபாட் வளையத்தைத் திரும்ப மாட்டி, திருகை அதன் காலில் பூட்டு. பாரம் நடுவில் விழுவதால் லென்ஸ் பொருந்தும் வாயில் இழுவை குறையும். கேமராவின் பக்கவாட்டுக் கண்ணியிலிருந்து பெல்ட்டுக்குத் தனியாக ஒரு காப்புக் கயிறும் கட்டிக்கொள்.

எனக்குப் பிடித்தது மற்றொரு வகை. பீக் டிசைன் நிறுவனத்தின் ஸ்லைடு என்னும் பெல்ட், காரின் சீட் பெல்ட்டைப் போன்று வழவழப்பான நைலானில் 45 மில்லிமீட்டர் அகலத்துக்கு நெய்யப்பட்டது. அதன் ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் தோளைப் பற்றிக்கொள்ளும். குறுக்காகப் போடும்போது வழுக்கும் பக்கம் உடம்பின் மேல் இருக்க வேண்டும்; இல்லையென்றால் கேமராவைத் தூக்கும்போது சுடிதாரும் சேர்ந்து மேலே வரும். நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கை போதும். ஒரு முனையை இடப்பக்கக் கண்ணியிலும் மறுமுனையைக் கேமராவின் அடியில் திருகும் தகட்டிலும் மாட்டினால் லென்ஸ் தரையைப் பார்த்து உடலோடு ஒட்டிக் கிடக்கும். கூட்டத்தில் எவர் மீதும் இடிக்காது. இதே நிறுவனத்தின் 32 மில்லிமீட்டர் பெல்ட் விலை குறைவுதான், என்றாலும் உன் லென்ஸுக்கு அது வேண்டாம். அகலம் கூடக்கூட நல்லது என்றும் நினைத்துவிடாதே. தோளின் வளைவில் மிக அகலமான பெல்ட் முழுவதுமாகப் படியாமல் ஓரத்தில் மட்டும் அழுத்தும்.

நீ பெரிதும் விரும்பிய, ரப்பர் போல இழுபடும் நியோப்ரீன் திண்டு, கடையில் மாட்டிப் பார்க்கும்போது கேமராவின் எடை பாதியாகிவிட்டதைப் போன்ற உணர்வைத் தரும். அது இழுபடுவதால் அதிர்வு தணிகிறது, எடை அப்படியே இருக்கிறது. மாப்பிள்ளை அழைப்பில் ஊர்வலத்துக்கு முன்னால் பின்புறமாகவே ஓடும் உனக்கு, ஒவ்வோர் அடிக்கும் கேமரா மேலும் கீழும் குதித்து இடுப்பில் மோதும். மண்டபத்து வெக்கையில் வியர்வையும் தேங்கும். நைலான் என்றால் இரவில் சோப்பு நீரில் அலசினால் காலைக்குள் உலர்ந்துவிடும். தோல் பெல்ட் பார்வைக்கு அழகு. ஐப்பசி மழையில் பூசணம் பிடிக்கும், மலிவானதென்றால் உன் வெள்ளைக் குர்தாவில் சாயமும் ஏறும். கயிற்றுப் பெல்ட் சின்னக் கேமராக்களுக்கானது.

திண்டைப் பார்க்கும் நேரத்தைவிட இணைப்பைப் பார்க்க அதிக நேரம் செலவிடு. பெல்ட் பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை. உலோகக் கண்ணியின் விளிம்பில் நாளெல்லாம் உராய்ந்து, அங்கேதான் நாடா நைந்துபோகிறது. பீக் டிசைனின் இணைப்புக் கயிறு ஒவ்வொன்றும் 90 கிலோவுக்கு மேல் தாங்கும் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. அந்தக் கயிறும் தேயும், மேல் கறுப்பு நைந்து உள்ளே வேறு நிறம் தெரிந்தால் அன்றே மாற்றிவிட வேண்டும். பக்கிளில் நாடாவைக் கோக்கும்போது நுனியை உட்புறமாகத் திருப்பி, இரண்டு அங்குலமாவது மிச்சம் விட்டு இறுக்கு. கூரிய உலோகக் கொக்கி உள்ள எதையும் வாங்காதே. மணப்பெண்ணின் பட்டுப் புடவைச் சரிகை ஒருமுறை அதில் மாட்டினால், நீ எடுத்த நல்ல படங்கள் எதுவும் அந்த வீட்டாருக்கு நினைவில் நிற்காது.

கழற்றி மாட்ட எளிதாக இருப்பதும் முக்கியம். இரவில் மண்டபத்தின் சீரியல் விளக்குகளை ட்ரைபாடில் வைத்து ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து எடுக்கும்போது, காற்றில் படபடக்கும் பெல்ட்டே படத்தை ஆட்டிவிடும். ஸ்கூட்டரில் போகும்போது எந்தப் பெல்ட்டானாலும் உடம்பில் போடாதே, கேமரா பைக்குள் இருக்கட்டும்.

வாங்கி வந்ததும் கேமராவை மாட்டி, கட்டில் மெத்தைக்கு மேலே பிடித்துக்கொண்டு நன்றாக உதறி இழுத்துப் பார். பிறகு வீட்டு வேலை செய்துகொண்டே ஒரு மணி நேரம் போட்டிரு. அதற்குள் எங்கே அழுத்துகிறது என்று தெரிந்துவிடும். கடையில் திருப்பி எடுப்பார்களா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள். இரண்டு கேமரா மாட்டும் ஹார்னஸைப் பற்றி, உதவிக்கு ஆள் வைத்திருக்கும் வரை யோசிக்க வேண்டியதில்லை. இடது தோளிலிருந்து வலது இடுப்பு வரை முன்னும் பின்னும் நாடாவால் அளந்து எனக்கு அனுப்பு. உன் அளவுக்கு நீளம் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன். அடுத்த வளர்பிறை முகூர்த்தத்துக்கு முன்பே வாங்கிவிடு. பணம் நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா