குழாய் வாங்கும் முன் உன் வீட்டுத் தண்ணீரைப் பார்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களை நானும் அம்மாவும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். பழைய ஃபிளாட்டை வாங்கி உன் மனசுக்குப் பிடித்தபடி மாற்றுகிறாய், எங்களுக்கு ரொம்பச் சந்தோஷம். இத்தனை காலம் காரைக்குடியில் குழாயும் பைப்பும் விற்றவன் என்ற உரிமையில் சில விஷயங்கள் சொல்கிறேன்.

முதலில் படத்தில் நீ காட்டிய அந்தக் கறுப்பு மேட் குழாய், அதாவது பளபளப்பில்லாதது. கடை வெளிச்சத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் கட்டடத்தில் போர் தண்ணீர்தான் என்று மாப்பிள்ளை சொன்னார். உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும். கறுப்பில் அது பளிச்சென்று தெரியும். வேலைக்கு வருகிறவர் ஆசிட்டோ கம்பி நாரோ போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சும் போய்விடும். அந்தத் தண்ணீருக்கு சாதாரண குரோம் பூசிய பித்தளைக் குழாய்தான் நல்லது. கையில் தூக்கிப் பார், கனம் இருக்க வேண்டும். கால் சுற்றில் திறக்கும் குழாய்களுக்குள் செராமிக் வட்டு இருக்கும். மணல் துகள் மாட்டினால் அதில் கீறல் விழுந்து ஒழுகத் தொடங்கும். அதனால் தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பில் ஒரு வடிகட்டி போடச் சொல்.

ஷவருக்கும் குழாய்க்கும் தண்ணீரைத் திருப்பிவிடும் டைவர்ட்டரை, சுவருக்குள் புதைக்கிற மாதிரி கேட்டிருக்கிறாய். உப்புப் படிந்து உள்பாகம் இறுகிப்போய், அதே அளவில் மாற்று கிடைக்காவிட்டால் டைல்ஸை உடைக்க வேண்டிவரும். சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும், சுவருக்கு வெளியே நிற்கும் வால் மிக்சர் வாங்கு. ஸ்பேனர் வைத்துக் கழற்றி அரை மணியில் சரி செய்துவிடலாம்.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை சுவருக்குள் இருப்பதைப் பற்றித்தான். பழைய ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப், உள்ளே துருப்பிடித்துச் சுருங்கியிருக்கும். அதை விட்டுவிட்டு மேலே புது டைல்ஸ் ஒட்டாதே, கண்ணு. முழுக்க சிபிவிசி என்னும், சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப்பாக மாற்று. பட்ஜெட் இடித்தால் டைல்ஸில் குறை, பைப்பிலும் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சிலும் கை வைக்காதே. பைப் போட்டு முடித்ததும் அழுத்தமாகத் தண்ணீர் ஏற்றிக் கசிகிறதா என்று பார்க்கும் பிரஷர் டெஸ்ட் செய்து, ஒரு ராத்திரி அப்படியே விடச் சொல். பூச்சு காய்ந்தபின் பாத்ரூமில் இரண்டு நாள் தண்ணீர் தேக்கி, கீழ் வீட்டுக்காரரிடம் சீலிங்கைப் பார்க்கச் சொல். அவர்களிடம் முன்கூட்டியே பேசி வைத்தால் நல்ல மனசோடு உதவுவார்கள். சுவரை மூடும் முன், பைப் ஓடும் இடங்களில் அளவு டேப்பைப் பிடித்து ஃபோட்டோ எடுத்து வை. பின்னாளில் ஆணி அடிக்கிறவனுக்கு அது வேண்டும்.

பாத்ரூம் தரைக்குப் பளபளக்கும் வெள்ளை வேண்டவே வேண்டாம். அம்மாவுக்கு மூட்டுவலி, பேத்தி நடக்கவே மாட்டாள், ஓடத்தான் செய்வாள். மேட் தரை டைல்ஸ், வழுக்காத தன்மையைக் காட்டும் ஆர்10 அல்லது ஆர்11 என்ற குறி போட்டிருப்பதைக் கேள். கடையிலேயே ஒன்றின் மேல் தண்ணீர் ஊற்றி வெறுங்காலால் மிதித்துப் பார், கூச்சப்படாதே. ஒரு அடிக்கு ஒரு அடி அளவு போதும். பெரிய கல்லில் வாட்டம் கொடுப்பது கஷ்டம், தண்ணீர் மூலையில் நிற்கும். கமோடுக்குப் பக்கத்தில் பிடிகம்பி ஒன்று வேண்டும். எங்கே என்பதை இப்போதே மேஸ்திரியிடம் சொல்லிவிடு.

அப்புறம், பாத்ரூமிலும் சமையலறையிலும் ஆத்தங்குடிக் கல் போடலாமா என்று கேட்டாய். நம்ம ஊர்ப் பக்கத்துக் கல்லை நீ கேட்டதில் எனக்கு அவ்வளவு பெருமை! ஆனால் அது சூளையில் வெந்த கல் இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, நிறம் கலந்த சிமெண்டைக் கையால் ஊற்றி, நீரில் ஊறப்போட்டு உலர்த்துகிறார்கள். அதன் பளபளப்பு அந்தக் கண்ணாடியில் இருந்து வருவது. சிமெண்டுக்குப் புளிப்பு ஆகாது: புளிக்கரைசலோ எலுமிச்சையோ சிந்திக் கிடந்தால் தடம் விழும், ஆசிட் பட்டால் பூ வேலையே மங்கிவிடும். அதனால் ஹாலிலும் பூஜை இடத்திலும் போடு. அவ்வப்போது துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால், நாள் ஆக ஆக மெருகு ஏறும். கல் முக்கால் அங்குலத்துக்குப் பக்கம் கனம், அடியில் கலவையும் வேண்டும். பழைய தரையின் மேலேயே போட்டால் கதவு இடிக்கும். பழையதைப் பெயர்க்க வேண்டியிருக்கும், அதற்கு அசோசியேஷனிடம் அனுமதி கேட்டுவிடு.

பாத்ரூம் டைல்ஸ் எடுக்கும்போது எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண், ஒரே ஷேடு இருக்கிறதா பார். பத்தில் ஒரு பங்கு கூடவே வாங்கு. மிஞ்சியது பரணில் இருக்கட்டும். கமோடு வாங்கும் முன், சுவரிலிருந்து கழிவுத் துளையின் நடுவரை அளந்துகொள். புது டைல்ஸ் ஒட்டினால் அந்த இடைவெளி குறையும், அதையும் கழித்துக்கொள். கீசருக்குத் தனி 16 ஆம்பியர் லைன் இழுத்து, மின்கசிவு வந்தால் உடனே கரண்டை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்சை வீட்டுக்குக் கட்டாயம் போடச் சொல்.

பெயிண்ட், கைப்பிடி, விளக்கு எல்லாம் உன் இஷ்டம். நீலம்தான் வேண்டும் என்றால் நீலமே அடி, அம்மா சொல்வதைக் கேட்காதே.

ஹாலின் நீள அகலத்தை அளந்து அனுப்பு. ஆத்தங்குடியில் கல் செய்து காயவும் நாள் பிடிக்கும், சீக்கிரம் சொல்லி வைக்க வேண்டும். எந்தப் பூ வேண்டும் என்று நீயும் மாப்பிள்ளையும் முடிவு செய்துவிட்டால், நான் நேரில் போய்ப் பார்த்துச் சொல்லிவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா