நிறுத்திவைத்த மின்காரும் நிரப்பிவைத்த பேட்டரியும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மின்சாரக் கார்களைப் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகள் பெரும்பாலும் விலை, வரிச்சலுகை, ஒரு முறை சார்ஜ் செய்தால் ஓடும் தூரம் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கப்போகும் காரை எப்படி விட்டுச்செல்வது என்பது பற்றி எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. நீலகிரியில் இது சிறிய விஷயம் அன்று. பிள்ளைகளோடு சில மாதம் தங்கிவர வெளியூர் செல்லும் என் போன்ற முதியவர்களும், கோடைக்கு மட்டும் மலையேறி வரும் சமவெளிக்காரர்களும் இங்கே ஏராளம். அவர்களுடைய கார்கள் பூட்டிய வீடுகளின் போர்டிகோவில் உறை போர்த்தியபடி நிற்பதைக் குன்னூரிலும் கோத்தகிரியிலும் தெருவுக்குத் தெரு காணலாம்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் மின்பணியாளராக இருந்து ஓய்வுபெற்றவன். ஜெனரேட்டரைக் கிளப்பும் ஈய-அமில பேட்டரிகளைப் பல ஆண்டுகள் பராமரித்திருக்கிறேன். அந்த அனுபவமே என்னைத் தவறாக வழிநடத்தியது என்பதால்தான் இதை எழுதுகிறேன். சென்ற ஆண்டு ஜூன் மாதம் மகள் வீட்டுக்குப் புறப்பட்டபோது, காரை 100 சதவீதம் சார்ஜ் செய்து நிறுத்தினேன். சாவியைப் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கொடுத்து, வாரம் ஒரு முறை பத்து நிமிடம் 'ஸ்டார்ட்' செய்துவைக்கும்படி சொல்லிவிட்டுப் போனேன். பெட்ரோல் கார் வைத்திருந்த காலத்துப் பழக்கம்.

அக்டோபர் கடைசியில் திரும்பி வந்தபோது ரிமோட்டை அழுத்தினால் கதவு திறக்கவில்லை. ரிமோட்டுக்குள்ளேயே ஒரு சிறு இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க அரைநாள் ஆயிற்று. கதவு திறந்த பிறகும் திரை இருண்டே கிடந்தது. விற்பனை நிலையத்தை அழைத்தபோது, ரெக்கவரி வண்டியில் ஏற்றிக் கோவைக்கு அனுப்புங்கள் என்றார்கள். அந்த வண்டி வர நான்கு நாள் ஆகும் என்றும் சொன்னார்கள். அதற்குள் நானே முன்மூடியைத் திறந்து, 12 வோல்ட் சிறு பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். ஒன்பது வோல்ட்டுக்கும் கீழே காட்டியது. வேறொரு பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிள் கொடுத்ததும் கார் விழித்துக்கொண்டது. பெரிய பேட்டரியில் 93 சதவீதம் இருப்பு காட்டியது. மேட்டுப்பாளையம் போய்த் திரும்புவதற்கு வேண்டிய மின்சாரத்தை வயிற்றில் வைத்துக்கொண்டே, தன் கதவுப் பூட்டைத் திறக்க வழியில்லாமல் ஐந்து மாதக் கடைசியில் அது நின்றிருந்தது.

காரணம் எளியதுதான். காரை அணைத்தவுடன், சில நூறு வோல்ட் அழுத்தமுள்ள பெரிய பேட்டரி பாதுகாப்புக்காகக் கான்டாக்டர்கள் எனப்படும் மின்காந்த சுவிட்சுகளால் துண்டிக்கப்படுகிறது. அந்தக் கான்டாக்டர்களை மீண்டும் இணைக்க 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். கதவுப் பூட்டு, திரை, உள்ளிருக்கும் கணினிகள், கைப்பேசிச் செயலியோடு பேசும் கருவி ஆகிய எல்லாமே சிறு பேட்டரியைத்தான் நம்பியிருக்கின்றன. அவற்றில் சில கார் உறங்கும்போதும் சொட்டுச் சொட்டாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நிற்கும்போதே பெரிய பேட்டரியிலிருந்து சிறியதற்குத் தானாக ஊட்டும் கார்களும் உண்டு, ஊட்டாதவையும் உண்டு. தம்முடையது எவ்வகை என்பதை உரிமையாளர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுத் தம்பி மீது குறை சொல்ல மாட்டேன். நான் சொன்னபடி வாரம் தவறாமல் வந்து, பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை மட்டும் அழுத்தி, பத்து நிமிடம் பாட்டுக் கேட்டிருக்கிறான். பிரேக்கை மிதித்துக்கொண்டு அழுத்தி, திரையில் 'ரெடி' என்று வந்தால்தான் பெரிய பேட்டரி இணைந்து சிறியதை நிரப்பும். அது தெரியாததால் அவன் வாரந்தோறும் அதைக் காலி செய்துகொண்டிருந்தான். ஊரிலிருந்தபடி நானும் அடிக்கடி செயலியைத் திறந்து, கார் நலமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்ப்பதும் உறங்கும் காரைத் தட்டி எழுப்புவதுதான்.

நான் 100 சதவீதம் நிரப்பியது இரண்டாவது பிழை. ஈய-அமில பேட்டரியைக் குறையாக விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டுப்போகும். ஆகவே இன்வெர்ட்டரையும் ஜெனரேட்டரையும் எப்போதும் நிறைத்தே வைக்கிறோம். லித்தியம் அயனி பேட்டரிக்கு அந்த விதி பொருந்தாது. முழுதும் நிரம்பி மாதக்கணக்கில் நின்றால் உள்ளே வேண்டாத வேதிவினைகள் விரைந்து, அதன் கொள்ளளவு மீளாமல் குறையும். அடியோடு தீர்ந்து நின்றாலோ மின்கலமே பழுதாகலாம். நிசான் லீஃப் காரின் கையேடு, மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிய நிலையில் 14 நாளுக்கு மேல் நிற்க விடக்கூடாது என்று எச்சரிக்கிறது. ஆகவே நீண்ட காலம் நிறுத்தும்போது பாதியளவு, அதாவது 40 முதல் 60 சதவீதம் வரை, வைத்துச் செல்வதே நல்லது. லித்தியம் அயனியிலேயே ஒரு பிரிவான இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி முழு நிரப்பலை ஓரளவு பொறுத்துக்கொள்ளும் என்றாலும் அதற்கும் பாதியே உகந்தது. ஆக, ஒரே காருக்குள் இரண்டு பேட்டரிகள் இருக்கின்றன: பெரும்பாலும் ஈய-அமில வகையான சிறியதை நிறைத்து வைக்க வேண்டும், லித்தியம் வகையான பெரியதைப் பாதியில் வைக்க வேண்டும்.

மலைக்குளிர் பேட்டரியைக் கெடுத்துவிடும் என்று இங்கே பலரும் அஞ்சுகிறார்கள். நிற்கும் பேட்டரிக்கு வெயில்தான் பகை. மே மாதத்து மேட்டுப்பாளையத்தில் தகரக் கொட்டகைக்குள் நிற்பதைவிடக் கோத்தகிரிக் குளிரில் நிற்பது அதற்கு ஆயுள் கூட்டும். பேட்டரியின் வெப்பநிலை பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் ஏற்றுவதுதான் தீங்கு. உதகையில் உறைபனி விழும் ஜனவரிக் காலைகளில் வெயில் ஏறிய பிறகு சார்ஜ் செய்தால் போதும்.

சார்ஜரை மாட்டியே விட்டுச்செல்லலாமா என்று கேட்கிறார்கள். காரில் 50 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்து, வீட்டில் சரியான எர்த்தும் இருந்தால் மாட்டலாம். ஆனால் பழைய எஸ்டேட் வீடுகளின் வயரிங்கைக் கண்டவன் என்ற முறையில், ஆளில்லாத வீட்டில் மழைக்காலம் முழுவதும் அப்படி விட நான் துணிய மாட்டேன். சார்ஜரைக் கழற்றி, காரை அணைத்துச் சில நிமிடம் பொறுத்து, கையேடு அனுமதித்தால் சிறு பேட்டரியின் நெகட்டிவ் முனையையும் கழற்றிவிடலாம். அல்லது நம்பிக்கையான ஒருவர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காரை 'ரெடி' நிலையில் அரைமணி நேரம் வைக்கலாம்.

ஈரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் தார்பாயைப் போர்த்தினால் உள்ளே நீர் கோத்து, இருக்கைகளில் பூஞ்சணம் பூக்கும். காற்றுப் புகும் துணி உறையே ஏற்றது. கைப்பிரேக்கை இழுத்துவிட்டுப் போனால் ஒட்டிக்கொள்ளும் என்பதால், பார்க் நிலையில் நிறுத்தி, நம் முற்றங்களின் சரிவுக்குச் சக்கரத்துக்குக் கட்டையும் கொடுக்க வேண்டும். பிரேக் தட்டுகளில் துரு ஏறியிருக்கும். மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் அந்தத் துரு தானாக எளிதில் தேய்ந்து போகாது. 'இரண்டாவது கியரில் இறங்கவும்' என்று எழுதியிருக்கும் நம் மலைப்பாதையில் மின்காருக்கு மாற்றக் கியர் இல்லை. இறக்கத்தில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, பேட்டரியை நிரப்பியபடி வேகத்தைக் குறைக்கும் அந்தப் பிடிப்புத்தான் கியர். பேட்டரி நிரம்பியிருந்தால் அந்தப் பிடிப்பும் தளர்ந்துவிடும். 1,600 கிலோ எடையுள்ள கார் 1,500 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 6.5 யூனிட் ஆற்றல் வெளிப்படுகிறது. உராய்வில் கழிந்தது போக மீதியை ஏற்கப் பேட்டரியில் இடம் வேண்டும். இடமில்லாவிட்டால் துருவேறிய பிரேக்கே முழுச் சுமையையும் தாங்க வேண்டும். ஆகவே வெகுநாள் நின்ற காரை ஊருக்குள் இரண்டு நாள் ஓட்டிப் பிரேக்கைச் சோதித்த பிறகே மலையிறக்க வேண்டும்.

விற்பனை நிலையங்களுக்குத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். காரை ஒப்படைக்கும்போது, இரும்புச் சாவி எங்கே இருக்கிறது, சிறு பேட்டரி எங்கே இருக்கிறது, ஜம்பர் கேபிளை எங்கே மாட்டுவது, 'ரெடி' நிலைக்கு எப்படிக் கொண்டுவருவது ஆகியவற்றை ஒரே தாளில் தமிழில் அச்சிட்டுக் கொடுங்கள். வீட்டில் இருந்து காரைப் பார்த்துக்கொள்பவர் காவலாளியோ பக்கத்து வீட்டுப் பையனோதான். எனக்குக் கிடைத்த கையேடு ஆங்கிலத்தில், காரின் திரைக்குள்ளே இருந்தது. அந்தத் திரை எரிவதற்கும் 12 வோல்ட் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பணியாளர்,
கோத்தகிரி.