போர்க்காய ஓய்வூதியம் பெறத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய அன்பர்களுக்கு வணக்கம்.

என் காலை நான் இழந்தது விபத்தில் அன்று, போர்க்களத்தில்தான் என்று ஏற்றுக்கொண்டு, போர்க்காய ஓய்வூதியம் வழங்கும் திருத்திய ஆணை, அதாவது நம்மவர்கள் 'கோர் பி.பி.ஓ.' என்று சொல்லும் தாள், என் கைக்கு வந்துவிட்டது. அதற்காக உழைத்தவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்வது என் கடமை.

1987 ஜூலை 29 அன்று கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை அடுத்து அமைதி காக்கும் படையில் அனுப்பப்பட்ட மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்களில் நானும் ஒருவன். யாழ்ப்பாணத்தைப் புலிகளிடமிருந்து கைப்பற்ற எங்கள் படை நடத்திய ஆபரேஷன் பவன் அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கியபின், யாழ்ப்பாணப் பகுதியில் கண்ணிவெடியில் சிக்கி, இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தேன். புனேயில் செயற்கைக் கால் பொருத்தப்பட்டு, ஸ்டோர் வேலையில் தொடர்ந்து, 1998இல் ஓய்வு பெற்றேன். ஆனால் என் மருத்துவ ஆவணத்தில் 'பணியின்போது நேர்ந்த விபத்து' என்ற ஒற்றை வரியே இருந்தது. ஓய்வூதியத்தில் ஊனத்துக்காகச் சேரும் பகுதியான ஊனக்கூறு, முழு ஊனத்துக்குச் சாதாரணமாகக் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு என்றால், என்னைப் போல் பணியில் தொடர்ந்து ஓய்வு பெற்றவர்களுக்குப் போர்க்காயக்கூறு 60 விழுக்காடு. பணம் ஒருபுறம் இருக்கட்டும். என்னுடன் வந்து திரும்பாதவர்கள் மடிந்த இடத்தை விபத்து நடந்த இடம் என்று எழுதியிருந்ததே என்னை அதிகம் வருத்தியது.

அந்த வரியை மாற்றிய பெருமை முதலில் எங்கள் பழைய ஹவில்தார் கிளார்க் அண்ணனையே சேரும். 'ஆபரேஷன் பவன்' என்று தட்டச்சான பார்ட் டூ ஆர்டரின், அதாவது வீரரின் பணி நிகழ்வுகளைப் பதியும் படை ஆணையின், கார்பன் நகலை, ஓரம் பழுத்துப் பொடியும் நிலையிலும், பிளாஸ்டிக் உறையிலிட்டு அவர் காத்து வைத்திருந்தார். என்னைத் தோளில் தூக்கிவந்த கொல்லத்துத் தோழர், நடுங்கும் கையால் மலையாளத்தில் எழுதிக் கொடுத்த பிரமாண வாக்குமூலத்தில், பனையோலை வேலியை ஒட்டிய அந்த ஒழுங்கையையும் (சந்தையும்) வெடி புதைந்திருந்த இடத்தையும் படமாகவே வரைந்திருந்தார். அன்று உயிரைக் காத்தவரே இன்று உரிமையையும் மீட்டுத் தந்தார்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் நல அமைப்பாளர் ஐயா என் மனுக்களைத் திருத்தி எழுதித் தந்தார். சென்னை ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தில் கட்டணம் வாங்காமல் வாதாடிய வழக்கறிஞர் அம்மா, உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில், ஊன விழுக்காட்டை அடுத்த படிக்கு உயர்த்திக் கணக்கிடும் சலுகை பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று அளித்த தீர்ப்பைக் காட்டி, 60 விழுக்காடாக மதிப்பிடப்பட்டிருந்த என் ஊனத்தை 75 ஆகக் கணக்கிடவும் உத்தரவு பெற்றார். நிலுவைத் தொகை மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைத்தது. அதில் எனக்குக் குறையில்லை. படைவீரர் ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் ஒவ்வொரு தாளையும் பொறுமையாகப் பதிவேற்றிய பொதுச் சேவை மையத்துத் தங்கைக்கும், என் கோப்புகளைக் கண்ணாகக் காத்த என் மனைவிக்கும் நன்றி.

ஆபரேஷன் பவனில் காயமுற்ற தோழர்கள், மறைந்தோரின் துணைவியர் ஆகியோர் தங்கள் பி.பி.ஓ.வில், அதாவது ஓய்வூதிய ஆணையில், ஊனத்தின் காரணம் என்னவென்று எழுதியிருக்கிறது என ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன். தீர்ப்பின் நகலை எங்கள் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். தேவைப்படுவோர் தயங்காமல் பெற்றுக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
முன்னாள் நாயக், மெட்ராஸ் ரெஜிமெண்ட்