மாதிரிப் புகையிரத ஆர்வலர் கழகம், வன்னி: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுச்சபைக் கூட்டத்தின் தீர்மானப்படி, இவ்வாண்டு நமது மாதிரிப் பாதை நிற்கும் மேசைக்கு மேலே புதிதாக எதுவும் கட்டப்படவில்லை. மேசைக்குக் கீழே இருந்த வயரிங் முழுவதும் கழற்றப்பட்டு மீண்டும் இழுக்கப்பட்டது. தீர்மானத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: வயர் இழுத்தவர் வராத நாளிலும் வேறெந்த அங்கத்தவரும் பிழையைத் தேடிப் பிடிக்கக்கூடியதாக வேலை அமைய வேண்டும். இவ்வறிக்கையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே. வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

புதிய அங்கத்தவர்களுக்காக அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1.2 மீற்றர் நீளமும் 0.6 மீற்றர் அகலமும் உள்ள எட்டுப் பலகைகள் வரிசையாக நிற்கின்றன. வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் ஆகிய நிலையங்கள் அவற்றில் வருகின்றன. பாதை ஒற்றைப் பாதை. இரு முனைகளிலும் 1.4 மீற்றர் சதுரப் பலகையில், 600 மிமீ ஆரையில், திரும்பு வளையங்கள் உள்ளன. கட்டுப்பாடு டிசிசி முறை, அதாவது தண்டவாளம் வழியே மின்னோடு போகும் இலக்கக் கட்டளையால் ஒவ்வொரு இஞ்சினும் தனித்தனியே இயங்கும். கட்டளைப் பெட்டி நான்காம், ஐந்தாம் பலகைகளுக்கு நடுவே இருக்கிறது.

முதலில் பிரதான வயர். கட்டளைப் பெட்டியிலிருந்து எட்ட உள்ள வளையம்வரை ஏழு மீற்றர்; போக்கும் வரவும் சேர்த்துப் பதினான்கு மீற்றர் செம்பு. 0.5 சதுர மிமீ வயரில் மீற்றருக்கு ஏறத்தாழ 0.034 ஓம் தடை இருக்கும். மூன்று அம்பியர் ஓடினால் வழியிலேயே 1.4 வோல்ற் இறங்கிவிடும். வீட்டு வயரிங்குக்குக் கடைகளில் விற்கும் 7/0.67 வயர் (0.67 மிமீ இழை ஏழு) 2.5 சதுர மிமீ. அதே தூரத்தில் 0.3 வோல்ற்தான் இறங்கும். இஞ்சின் மெதுவாக ஓடுவது இங்கே சின்ன விடயம். மெல்லிய வயரில் தூரத்தில் சோட் (இரு துருவமும் நேரே தொட்டுக்கொள்வது) ஏற்படும்போது வயரின் தடையே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதால், கட்டளைப் பெட்டியின் பாதுகாப்பு அதைச் சோட் என்று உணராமல் போகலாம். அப்போது சூடாவது இஞ்சினின் சக்கரமும் புகையிரதப் பெட்டியின் பிளாஸ்ரிக்கும். ஆகவே 7/0.67 என்பதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

ஸ்பீக்கர் வயர் என்று மலிவாக வரும் வயரைப் பிரதான வயராகப் போட வேண்டாம். அதிற் பெரும்பகுதி உள்ளே அலுமினியம், வெளியே செம்புப் பூச்சு. தடை ஒன்றரை மடங்குக்கு மேல், பற்றாசு சரியாகப் பிடிக்காது, நாலு தரம் வளைத்தால் முறியும். பிளேட்டால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தண்டவாளத்திலிருந்து இறங்கும் கிளை வயர் 16/0.2, அதாவது 0.5 சதுர மிமீ. நீளம் 30 சென்ரிமீற்றருக்கு மேற்படாது. 914 மிமீ நீளமுள்ள ஒவ்வொரு வளைதண்டவாளத் துண்டுக்கும் தனியே ஒரு சோடி. தண்டவாளங்களை இணைக்கும் தகட்டை நம்பி மின் அனுப்புவதில்லை என்பது இப்போது கழகத்தின் விதி. வாடைக்காற்றோடு வரும் ஈரத்தில் தகட்டுக்குள் துரு பிடிக்கிறது. சோழகம் வீசும் மாதங்களிற் செம்மண் தூசி புகுகிறது. இரண்டாம் வருடத்திற் தொடுகை போய்விடும்.

பற்றாசு பிடிக்கும் முறையையும் இங்கே பதிந்து வைக்கிறேன், வருடாவருடம் கேட்கப்படுவதால். 60/40 பற்றாசு, உள்ளே ரோசின் உள்ளது. 40 முதல் 60 வற் அயன். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தை மென்மையான அரத்தால் பளபளக்கத் தேய்த்து, அதில் முதலிற் கொஞ்சம் பற்றாசு பூசுங்கள். வயர் நுனியிலும் பூசுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து இரண்டு செக்கன் மட்டும் அயனை வைத்து எடுங்கள். ஈரப் பஞ்சுத் துண்டை இருபக்கமும் வைத்தால் சிலிப்பர்கள் (தண்டவாளத்துக்கு அடியிலுள்ள பிளாஸ்ரிக் குறுக்குக் கட்டைகள்) உருகாது. 25 வற் அயன்தான் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு, நடப்பது மறுவளம். வலு குறைந்த அயனைப் பத்து செக்கன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருப்பதால் வெப்பம் தண்டவாளம் வழியே பரவிச் சிலிப்பர் உருகுகிறது. தகர வேலைக்காரர் பாவிக்கும் அமிலப் பசை எந்த மின் இணைப்பிலும் வேண்டாம். அன்றைக்கு நன்றாகப் பிடிக்கும். ஆறு மாதத்திற் பச்சை பிடித்து அறுந்து நிற்கும்.

இதற்கு மாறாக, திருகு வைத்து இறுக்கும் கனெக்டர்களுக்குள் போகும் நுனியிற் பற்றாசு பூசவே கூடாது. பற்றாசு மென்மையான உலோகம். திருகின் அழுத்தத்தில் மெல்ல மெல்லப் பரவிக் கொடுத்துவிடும், இணைப்புத் தளரும், சூடேறும். நுனிக்குழாய் போட்டு நெரித்துத்தான் திருக வேண்டும்.

பலகைக்குப் பலகை பிரதான வயர் எக்ஸ்டி60 பிளக்குகளால் இணைகிறது. அவற்றைத் தலைகீழாகச் செருக முடியாது. மாறிச் செருகி முழுப் பாதையும் சோட் ஆகும் பேச்சு அதோடு முடிந்தது. மின் வரும் பக்கத்தில் எப்போதும் பெண் பிளக், அப்போதுதான் கழற்றியபின் வெளியே தெரியும் முள்ளில் மின் இருக்காது. சமிக்ஞை வயர்கள் ஒன்பது முள் சீரியல் பிளக்கில் தனியே போகின்றன.

நிறத்தைப் பற்றி ஒரு பாதுகாப்பு விடயம். நமது பிரதான வயர் சிவப்பும் கறுப்பும். பழைய வீடுகளில் 230 வோல்ற் வயரிங்கும் சிவப்பு, கறுப்புத்தான். இரண்டும் ஒரே மேசைக்குக் கீழே இருந்தால் ஒருநாள் ஒருவர் கை வைத்துவிடுவார். ஆகவே 230 வோல்ற் மேசைக்குக் கீழே வருவதை நிர்வாக சபை முற்றாகத் தடை செய்திருக்கிறது. எல்லா மின்வழங்கிகளும் சுவரோரத் தட்டில், ஒரே ட்ரிப் சுவிச்சின் பின்னால். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடி மின்னல் மிகுதி. கூட்டம் முடிந்தால் பிளக்கையே கழற்றுங்கள், சுவிச்சை மட்டும் நிறுத்துவது போதாது.

திரும்பு வளையங்கள்தான் இவ்வாண்டு அதிகம் பேசப்பட்டவை. வளையத்துக்குள் போய்ச் சுற்றி வரும் இடது தண்டவாளம் பாதையின் வலது தண்டவாளத்தைச் சந்திக்கிறது. அப்படியே விட்டால் நேரடிச் சோட். இரு தண்டவாளங்களிலும் இரு முனைகளிலும் பிளாஸ்ரிக் இணைப்பி போட்டு ஒரு பகுதி தனிமைப்படுத்தப்பட்டு, தானாகத் துருவம் மாற்றும் பலகை ஒன்று அதற்கு மின் கொடுக்கிறது. இந்தத் தனிப்பகுதி மிக நீண்ட புகையிரதத்தைவிட நீளமாக இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் முன் சக்கரம் ஒரு முனையிலுள்ள வெட்டையும் (தண்டவாள இடைவெளியையும்) கடைசிப் பெட்டியின் உலோகச் சக்கரம் மற்ற வெட்டையும் ஒரே நேரத்தில் மிதிக்கும். மாற்றும் பலகை துருவத்தை எந்தப் பக்கம் மாற்றினாலும் ஒரு பக்கம் சோட். இஞ்சினும் ஏழு பெட்டிகளும் நமக்குச் சுமார் 1.9 மீற்றர், தனிப்பகுதி மூன்று மீற்றர். எட்டுப் பெட்டிக்குமேல் கோர்க்க விரும்புபவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதையை இரண்டு மின்வலயமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஒரு வயரிலும் 12 வோல்ற் 21 வற் பிரேக் லைற் பல்ப் தொடராகப் போடப்பட்டுள்ளது. மோட்டார் உதிரிப்பாகக் கடை எதிலும் கிடைக்கும். சாதாரணமாக ஓடும்போது பல்ப் எரியாது. சோட் ஆனால் பளிச்சென்று எரிந்து மின்னோட்டத்தை ஏறத்தாழ இரண்டு அம்பியரில் நிறுத்தும். மற்ற வலயத்தில் ஓட்டம் தொடரும், எந்த வலயத்திற் பிழை என்று வாசலில் நின்றே தெரியும். பல்ப் கடும் சூடாகும். பிளைவுட்டிலிருந்து தள்ளித் தகட்டில் ஏற்றப்பட்டிருக்கிறது, அதன்மேல் துணி போடாதீர்கள். ஆனால் துருவம் மாற்றும் பலகைக்கு முன்னால் இந்தப் பல்ப் இருக்கக் கூடாது. பல்ப் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் மாற்றும் பலகைக்குச் சோட் தெரியாது, அது மாற்றாமலே நிற்கும், இஞ்சின் வெட்டில் நின்றுவிடும். வளையங்களுக்கு மின் பல்புக்கு முன்னாலிருந்தே நேராக எடுக்கப்பட்டதன் காரணம் இதுதான். யாரும் வயரை ஒழுங்காக்குவதாக எண்ணி இதை மாற்ற வேண்டாம்.

பொயின்ற்றுகள் (பாதை பிரியும் இடங்கள்) அனைத்தும் எஸ்ஜி90 சேர்வோவுக்கு, அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டருக்கு, மாறிவிட்டன. பழைய சுருள் மோட்டர்களில் குற்றம் சொல்ல ஒன்றே: பொத்தானைக் கண நேரத்துக்கு மேல் அழுத்தினால் சுருள் எரிந்துவிடும். கப்பாசிற்றர் வழியாகக் கொடுத்தால் அதுவும் நடக்காது. வீட்டில் சுருள் மோட்டர் வைத்திருப்பவர்கள் எறியத் தேவையில்லை. சேர்வோவுக்கு, அதை இயக்கும் ஆடினோ என்ற சிறு கணினிப் பலகையின் 5 வோல்ற் முள்ளிலிருந்து மின் எடுக்க வேண்டாம். சேர்வோ முட்டி நிற்கும்போது பல நூறு மில்லியம்பியர் இழுக்கும், ஆடினோ நின்று மீண்டும் தொடங்கும், எல்லாப் பொயின்ற்றும் ஒன்றாகத் துள்ளும். தனி 5 வோல்ற் வழங்கி, மறைமுனை மட்டும் பொது, பலகைக்கு ஒரு 470 மைக்ரோ கப்பாசிற்றர். சேர்வோ வயரை டிசிசி பிரதான வயரோடு சேர்த்துக் கட்டினால் நடுங்கும். ஐந்து சென்ரிமீற்றர் விலத்தி, குறுக்கே போக வேண்டிய இடத்திற் செங்குத்தாகக் கடக்கவும்.

பொயின்ற்றில் இரு தண்டவாளமும் குறுக்கிடும் மூக்குப் பகுதிக்கு, சேர்வோ தள்ளும் மைக்ரோ சுவிச் துருவம் கொடுக்கிறது. அசையும் நாக்குத் தண்டவாளம் நடுவழியில் இருக்கும்போதே சுவிச் மாற வேண்டும். நாக்கு ஒட்டிய பிறகு மாறினால் அந்த இடைவெளியில் ஒரு கண நேரச் சோட். பல்ப் மினுங்கி அணைவதைக் கண்டால் இதைத்தான் சரிபாருங்கள்.

ஏ9 வீதியோரக் கடவைக்கு முதலில் அகச்சிவப்பு உணரி முன்மொழியப்பட்டது. மண்டபத்து மேற்கு ஜன்னலால் வரும் வெயில் அதைக் குழப்புவதால், பெட்டிக்கு அடியில் காந்தமும் சிலிப்பருக்கிடையில் ரீட் சுவிச்சும் (காந்தம் அருகில் வந்தால் மூடும் கண்ணாடிக்குழாய்ச் சுவிச்) தெரிவாயின. ரீட் சுவிச்சின் காலைக் கண்ணாடிக்கு அருகிற் குறட்டால் பிடித்துக்கொண்டு அதற்கு அப்பால் வளையுங்கள். நேரே வளைத்தால் கண்ணாடி வெடிக்கும். கடவை விளக்குகள் தனி 12 வோல்ற்றில்: ஒரு சிவப்பு எல்ஈடிக்கு 1 கிலோஓம், 10 மில்லியம்பியர்.

பரிசோதனைக்கு ஐந்து ரூபா நாணயம் போதும். வலயம் வலயமாக, அரை மீற்றருக்கு ஒரு தரம் தண்டவாளத்துக்குக் குறுக்கே வையுங்கள். பல்ப் முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். மங்கலாக எரியும் இடத்திற் கிளை வயரின் ஒட்டுச் சரியில்லை. பிழை தேடும்போது நாலாம் ஐந்தாம் பலகைக்கிடையில் முதலில் கழற்றுங்கள், பிறகு பிழையுள்ள பாதியின் பாதி. மூன்று பிளக் கழற்றினால் எட்டில் எந்தப் பலகை என்று தெரிந்துவிடும். அதற்குமுன் இஞ்சின்களையும் விளக்குள்ள பெட்டிகளையும் பாதையிலிருந்து எடுத்துவிடுங்கள், மல்டிமீற்றர் அவற்றையும் சேர்த்து அளக்கும். ஒவ்வொரு வயரின் இரு நுனியிலும் நிலையத்தின் எழுத்தும் பலகை எண்ணும் எழுதிய கடதாசி, அதன்மேல் தெளிந்த சுருங்குகுழாய். வெறும் ஒட்டுநாடா நம் வெயிலில் பசை கழன்று விழுந்துவிடும். பலகைக்கு ஒரு பக்கமாக வயரிங் கொப்பி தட்டிலேயே தொங்குகிறது. கொப்பியில் எழுதாமல் வயர் சேர்ப்பதற்கு இனி அனுமதி இல்லை.

போயா தினக் கலந்துரையாடல்கள் தவறாது நடந்தன. இலங்கையின் 1676 மிமீ அகலப் பாதையை நமது 1:87 அளவுக்கு 87ஆல் வகுத்தால் 19.3 மிமீ வரவேண்டும், நம்முடையது 16.5 மிமீதானே என்ற கேள்வி மீண்டும் வந்தது. 19.3க்குப் போனால் ஒவ்வொரு இஞ்சினின் அச்சையும் மாற்ற வேண்டும் என்பதால் இருப்பதே தொடரும். தண்டவாளம் துடைக்க அல்கஹோலா மண்ணெண்ணெயா என்பதில் இணக்கமில்லை. மண்ணெண்ணெய் துடைத்த பாதை நெடுநாள் கறுக்காமல் இருப்பதை எல்லோரும் ஏற்கிறார்கள். மணமும் தீப்பிடிக்கும் ஆபத்தும் காரணமாக மண்டபத்துக்குள் அல்கஹோல் மட்டும் என்று தலைவர் அவர்கள் தீர்ப்பளித்தார். மணற்கடதாசி வேண்டாம் என்பதில் ஒரே குரல்: கீறல்களில்தான் அழுக்கு ஒதுங்கும்.

எந்தக் காலத்தைக் காட்டுவது என்பது உணர்வோடு பேசப்பட்டது. 1956இல் யாழ்தேவி தொடங்கிய காலத்து நிலையங்களும் கைகாட்டி மரங்களும் வேண்டும் என்பது மூத்த அங்கத்தவர்களின் விருப்பம். 1990இல் நின்றுபோன பாதை 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பி வந்ததையே இளையவர்கள் கண்ணால் கண்டவர்கள். அவர்களுக்கு நிறவிளக்குச் சமிக்ஞையும் புதிய மேடைகளும் வேண்டும். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆகவே நிலையக் கட்டடங்கள் இரு தொகுதியாகச் செய்யப்படும். ஒவ்வொன்றின் கீழும் ஒரே நான்கு முள் பிளக், ஒரே முள் ஒழுங்கு. முள் 1 நேர் 12 வோல்ற், முள் 2 மறை, முள் 3 மேடை விளக்கு, முள் 4 வெறுமை. கட்டடம் செய்பவர்கள் இந்த ஒழுங்கை மாற்றக் கூடாது.

டிசிசிக்கு முந்திய பழைய டிசி இஞ்சின்களுக்கு டிகோடர் (டிசிசிக் கட்டளையை வாசித்து மோட்டரை இயக்கும் சிறு பலகை) போடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பலவற்றில் மோட்டரின் ஒரு பிரஷ் நேரே உலோகச் சட்டத்தில் தொடுத்திருக்கும். அதை முற்றாகப் பிரித்து, இரு பிரஷ்ஷுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பில்லை என்று மல்டிமீற்றரால் உறுதிசெய்த பிறகே செம்மஞ்சளையும் சாம்பலையும் மோட்டருக்கும், சிவப்பையும் கறுப்பையும் தண்டவாளப் பக்கத்துக்கும் கொடுங்கள். முதல் ஓட்டம் நிரல்படுத்தும் பாதையில் மட்டும்; அங்கே மின்னோட்டம் குறைவு, பிழை இருந்தாலும் டிகோடர் பிழைக்கும்.

வரும் ஆண்டுக்கு நிர்வாக சபை இரு பிரேரணைகளை முன்வைக்கிறது. வவுனியாத் தரிப்பிடத்துக்குத் தனி மின்வலயமும் இரண்டாவது பூஸ்ரரும் (பாதைக்கு மேலதிக மின்வலு கொடுக்கும் பெட்டி) வாங்குவது ஒன்று. மழைக்காலத்துக்கு முன் எல்லாப் பலகைகளின் அடிப்பக்கத்துக்கும் வார்ணிஷ் பூசுவது மற்றது. பிளைவுட் ஈரத்தில் ஊதி, வளையத்தின் வெட்டு இடைவெளிகள் நெருங்கி ஒட்டுவதால் இது பிந்தக் கூடாது. முதலாவது பிரேரணைக்குப் பொருளாளரின் விலைப்பட்டியல் உங்கள் கையில் உள்ளது. முன்மொழிய, வழிமொழிய அங்கத்தவர்களை அழைக்கிறேன்.

செயலாளர்