உங்கள் ஐபி முகவரி ஏன் மாறுகிறது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம். இன்டர்நெட்டில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்தான் ஐபி முகவரி.

"நேற்று ஒரு ஐபி காட்டியது, இன்றைக்கு வேறு காட்டுகிறதே, லைனை மாற்றிவிட்டீர்களா?" என்று அலுவலகத்துக்கு அடிக்கடி போன் வருகிறது. கடையில் சிசிடிவி வைத்து, அந்த முகவரி வழியாக வெளியிலிருந்து கேமரா பார்க்க நினைப்பவர்கள் இதையே கொஞ்சம் கோபமாகக் கேட்கிறார்கள். லைனில் யாரும் கை வைக்கவில்லை. முகவரி மாறுவது இந்த ஏற்பாட்டோடு கூடப் பிறந்தது.

உங்கள் வீட்டுக்கு வருவது ஃபைபர் என்றாலும், ரவுட்டர் எங்களோடு பேசுவது டயல்-அப் காலத்து முறையில்தான். 1995 ஆகஸ்ட் 15 அன்று அப்போதைய அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்கத் தொடங்கியது. அப்போது கம்ப்யூட்டரைப் போன் லைனோடு இணைக்கும் மோடம் என்ற பெட்டி கீச்கீச்சென்று கத்தியபடி எதிர்முனைக்கு டயல் செய்யும். டயல்-அப் கொடுக்கும் இடத்தில் வரிசையாக மோடம்கள், அவற்றின் பின்னால் ஒரு ரவுட்டர். சந்தாதாரர் ஆயிரம் பேர் இருக்கட்டும், மோடம் நூறுதான் என்றால் ஒரே நேரத்தில் நூறு பேர்தான் உள்ளே வர முடியும். எனவே ரவுட்டரிடம் நூறு முகவரி இருந்தாலே போதும். கோயில் வாசலில் செருப்புக்குத் தரும் டோக்கன் மாதிரி, ஒருவர் விட்டுப்போனது அடுத்து வருபவருக்குப் போகும்.

அந்தப் பேச்சுமுறைக்குப் பிபிபி என்று பெயர். 1999இல் அதையே ஈதர்நெட் என்ற நெட்வொர்க் கேபிள் முறைக்கு ஏற்றாற்போல் மாற்றிப் பிபிபிஓஇ ஆக்கினார்கள். எங்கள் ஆள் வந்து ரவுட்டரில் யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தது இதற்காகத்தான். ரவுட்டர் ஆன் ஆனதும் முதலில் லைனைச் சரிபார்த்துக்கொள்ளும். அப்புறம் யூசர்நேமைச் சொல்லும். அது சரிதானா, சந்தா கட்டியிருக்கிறதா என்று வாடிக்கையாளர் கணக்கை வைத்திருக்கும் எங்கள் ரேடியஸ் சர்வர் பார்க்கும். அதற்குப் பிறகுதான் முகவரிப் பேச்சு. உங்கள் ரவுட்டர், "எனக்கு 0.0.0.0 இருக்கட்டுமா?" என்று கேட்கும். எங்கள் ரவுட்டர் அதை மறுத்து, கையிருப்பில் சும்மா இருக்கும் ஒன்றை எடுத்து, "இதை வைத்துக்கொள்" என்று சொல்லும். உங்களுடையது அந்த எண்ணையே திரும்பச் சொல்லிக் கேட்ட பிறகுதான் "சரி" வரும். எல்லாம் சில நொடி வேலை. ஒவ்வொரு முறை புதிதாக இணையும்போதும் இப்படிச் சும்மா இருப்பதை எடுத்துக் கொடுப்பதால்தான் உங்கள் எண் மாறுகிறது. போனிலும் லேப்டாப்பிலும் நீங்கள் பார்க்கும் 192.168 எண்கள் இதில் சேராது. அவை உங்கள் ரவுட்டரே வீட்டுக்குள் கொடுப்பவை.

கரன்ட் போய் வந்ததும் சில நேரம் இணைப்பு உடனே வராது, கவனித்திருப்பீர்கள். ரவுட்டர் பட்டென்று அணைந்தால் "நான் போகிறேன்" என்று எங்களிடம் சொல்ல அதற்கு நேரம் இருக்காது. எங்கள் பக்கத்தில் பழைய இணைப்பு உயிரோடு இருப்பதாகவே கணக்கு. ஒரு யூசர்நேமில் ஒரு இணைப்புதான் என்பதால் புதிதாக வருவதை எங்கள் ரவுட்டர் தடுத்துவிடும். இடையிடையே அது "இருக்கிறாயா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால் பழையதை முடித்து முகவரியைக் கையிருப்பில் சேர்த்துவிடும். ஆகவே ஓரிரு நிமிடம் பொறுங்கள். தயவுசெய்து ரீசெட் ஓட்டையில் மட்டும் ஊசியை விட்டுக் குத்தாதீர்கள். யூசர்நேம் அழிந்து, மறுபடி ஆள் அனுப்ப வேண்டிவரும்.

இப்போது சிசிடிவிக்கு வருவோம். மோடம் காலத்தில் வேலை முடிந்ததும் லைனை வைத்துவிடுவார்கள். இன்றைக்கு கரன்ட் போனால் தவிர ரவுட்டர் அணைவதில்லை, முகவரியும் கையிருப்புக்கு எளிதில் திரும்புவதில்லை. பழைய ஐபிவி4 முறையில் உலகம் முழுவதற்கும் சுமார் 429 கோடி முகவரிகள்தான். நம் ஆசியப் பகுதிக்கான இருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. அதனால் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறோம். உங்கள் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் வேன் ஐபி (WAN IP, ரவுட்டர் எங்களிடம் வாங்கிய முகவரி) 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் நீங்களும் அந்தப் பகிர்வில்தான் இருக்கிறீர்கள். இதற்கென்றே 2012இல் ஒதுக்கிய எண்கள் அவை. பகிர்வில் இருக்கும்வரை ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்தாலும் வெளியிலிருந்து டிவிஆருக்கு, அதாவது கேமரா காட்சிகளைப் பதியும் பெட்டிக்கு, வர முடியாது. மாறும் ஐபியை ஒரே பெயரில் கண்டுபிடிக்க உதவும் டிடிஎன்எஸ் சேவையைப் போட்டாலும் பலன் இல்லை. அதற்குக் காசு வாங்கிக்கொண்டு வைத்துக் கொடுக்கிறவர்களிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

போனில் கேமரா பார்த்தால் போதும் என்பவர்களுக்கு டிவிஆர் நிறுவனத்தின் ஆப் பெரும்பாலும் போதும். கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வேலை முடிந்தது, செலவும் இல்லை. அலுவலக சர்வரை வெளியிலிருந்து திறக்க வேண்டியவர்கள் நிலையான ஐபி கேளுங்கள். அதற்கு மாதக் கட்டணம் தனி. அந்த முகவரியை உங்கள் யூசர்நேமோடு சேர்த்துவிடுவோம், ரவுட்டரை மாற்றினாலும் அது மாறாது. கேட்க வரும்முன் டிவிஆர் வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். பொது முகவரி கிடைத்துவிட்டால் உலகத்தில் யாரும் அதன் கதவைத் தட்டலாம். 2016இல் மிராய் என்ற வைரஸ் லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது, மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளை வைத்துத்தான்.

இப்படிக்கு,
உங்கள் இன்டர்நெட் அலுவலகத்தார்